நகராத சிவப்புக் கோடு

இல்ல தம்பி, ஒயரக் கழட்டாதீங்க. டிவில படம் தெரியுது, சத்தம் வருது, அதெல்லாம் எனக்கே தெரியும். இதோட மூணாவது தடவ வர்றீங்க, மூணு தடவையும் கோளாறு ஒண்ணும் இல்லேன்னு சொன்னா எப்படி? இருக்கு. உக்காருங்க, சொல்றேன். கடையச் சாத்திட்டு வந்திருக்கேன் உங்களுக்காக.

நான் முடி வெட்டுறவன். கத்திரி ஓடுற வரைக்கும் வாயும் ஓடணும் எங்களுக்கு. முன்னெல்லாம் மழை, வெயில்னு பேசினாப் போதும். இப்ப நாற்காலியில உக்காந்ததுமே, அண்ணே, அந்தப் போலீஸ்காரி சீரிஸ் மூணாவது சீசன் வந்துடுச்சே, பாத்தாச்சாங்கிறான். பாக்கலேன்னா அவன் மூஞ்சி தொங்கிப் போயிடுது. தொழிலுக்காகத்தான் பாக்குறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.

இந்த வாட்டி புது சீரிஸ் ஏழு, அடுத்த சீசனோட திரும்பி வந்தது அஞ்சு. போலீஸ்காரி, சமையல் போட்டி, செவ்வாய் கிரகத்துல மாட்டிக்கிட்ட ஆறு பேரு. அப்புறம் ஒரு வக்கீல் குடும்பம். மாமியாரும் வக்கீல், மருமகளும் வக்கீல், தீர்ப்புதான் வந்தபாடில்ல. எது என்னைக்கு வருதுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். பக்கத்துக்கடைத் தையல்காரர் அதப் பாத்துட்டு, பரீட்சை எப்பன்னு கேக்குறாரு. செவ்வாய் கிரகம் எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. இருந்தாலும் விட முடியல.

அதுக்குத்தான் வர்றேன், இருங்க. இங்க பாருங்க, திரையில ரெண்டு பொம்மை இருக்கா? மீசைக்காரன் நான். ஹெல்மெட் போட்டது என் பையன். இது அவன் கணக்குதான், டிவி வாங்கினப்ப அவன்தான் போட்டுக் குடுத்தான். அவன் வெளியூர்ல பாலம் கட்டுற எடத்துல இருக்கான், உயரத்துல ஏறி வெல்டிங் வெக்கிற வேலை. அவன் எதப் பாக்குறானோ அது இங்க வந்து நிக்கும். எது வரைக்கும் பாத்தான்னு அடியில சிவப்பா ஒரு கோடு. அவன் நிறுத்துன எடத்துல நானும் நிறுத்துவேன், அதுக்கு மேல ஒரு நிமிஷம் பாக்க மாட்டேன்.

பேச்சு வார்த்தை இல்ல தம்பி. ரெண்டு வருஷமாச்சு. அவங்கம்மா போன அன்னிக்கு லேட்டா வந்தான். கடைசி வரைக்கும் உன் பேரச் சொல்லிக்கிட்டே கெடந்தா, இனிமே என் மூஞ்சில முழிக்காதேன்னு நாலு பேர் முன்னாடி சொன்னேன். பாவம், அவனுக்கு பஸ் கெடைக்கல. அத நான் அப்புறந்தான் தெரிஞ்சுக்கிட்டேன். தப்பு என்னுதுதான்.

போன வருஷம் ஒரு நாள் கண்ணாடி போடாம ஹெல்மெட்டத் தொட்டுட்டேன். அவன் கணக்குலயே ரெண்டு எபிசோடு ஓடிடுச்சு. மறுநாள் பாத்தா, கோட்டப் பழைய எடத்துக்கே திருப்பி வெச்சிருக்கான். திட்டுறானாம் என்னை. பாஸ்வேர்ட மாத்தியிருக்கலாம்ல? மாத்தலையே. அன்னிக்குப் பூரா கடையில சிரிச்சுக்கிட்டே வெட்டினேன்.

இப்ப பத்தொம்போது நாளா அந்தக் கோடு நகரல. போலீஸ்காரி நாலு எபிசோடு வந்துடுச்சு, வந்த அன்னிக்கே பாக்குற பய ஒண்ணக்கூடத் தொடல. முந்தாநாள் நானே வேணும்னு அவன் பொம்மைக்குள்ள போய், கடைசி எபிசோட ஓட விட்டேன். இன்னும் அவன் கோட்டத் திருப்பி வைக்கல.

அதான் கேக்குறேன். அங்க அவன் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான், உங்க லைன்ல ஏதோ கோளாறு, இங்க காட்ட மாட்டேங்குது. அப்படி இருக்கலாம்ல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

இருக்காதா. சரி.

போன் பண்றதா? நம்பர் மனப்பாடம். நாலு தடவ போட்டுட்டு, மணி அடிக்கிறதுக்குள்ள வெச்சிட்டேன். அவன் எடுக்கலேன்னா அது கோவமா, வேற ஏதாச்சுமான்னு எனக்கு எப்படித் தெரியும்?

நீங்க போடுங்களேன் தம்பி. உங்க நம்பர் அவனுக்குப் புதுசு. டிவி கம்பெனியில இருந்து பேசுறோம், படம் நல்லாத் தெரியுதா சார்னு கேளுங்க, அவ்வளவுதான். ம்னு சொன்னாக்கூடப் போதும், வெச்சிடலாம். போனை மட்டும் கொஞ்சம் என் பக்கமாத் திருப்பிப் பிடிச்சுக்குங்க.