வேலிக்கு அங்கிட்டு ஒரு மொந்தை

உக்காருங்க மாமா, புதுக்கோட்டை பஸ்ஸு இப்பதைக்கு வராது. மாமான்னதுக்கா மொறைக்கிறீங்க? சரிதான், சம்பந்தம் வேணாம்னு காலையில சொல்லிட்டீங்க. கள்ளுக்கடை வச்சிருந்தவன் பொண்ணு எங்க வீட்டுக்கு எதுக்குன்னு கேட்டீங்க. எங்கப்பா பங்கிராசு கையப் பெசஞ்சுகிட்டு நின்னாரு. ஞானசெல்வி அக்கா இன்னும் அடுப்படிய விட்டு வெளிய வரலை. அதுக்காக நான் மாமான்னு கூப்புடக் கூடாதா?

கடை எங்கிட்டு இருந்துச்சுன்னா கேக்குறீங்க? இந்த ஆவூருல கள்ளுக்கடை ஒண்ணா ரெண்டா. அந்தா பள்ளிக்கூடம் தெரியுதுல்ல, அதான் அப்ப வண்டிப்பேட்டை. திருச்சிக்குக் கடலை மூட்டை ஏத்திப் போறவுக அங்க வண்டிய அவுத்துப் போட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிப்புட்டு, தன் தண்ணிக்கு இங்கிட்டு வந்துருவாக. பாலத்தடியில குழந்தைசாமி கடை. அந்தாளு வாய்க்குள்ளயே பேசுவாரு, இப்புடி: ம்ம்... வா... நேத்து வாந்தி எடுத்தவன் நீதான... ம்ம்... கழுவிட்டுக் குடி. பாருங்க, சிரிப்பு வருதுல்ல. இப்ப அங்கதான் மதுவிலக்குக் கூட்டம் போடுறாக. கேக்குறவுக எல்லாம் பழைய ஆளுகதான், எடங்கூட மாறி உக்காரலை. நாப்பத்தெட்டுல சட்டம் வந்துச்சு, எல்லாத்தையும் இழுத்து மூடினாக, எங்கப்பா டீ ஆத்தப் போயிட்டாரு.

எங்க கடையில கூத்தே தபசுகாலத்துலதான், ஈஸ்டருக்கு முந்தின அந்த நாப்பது நாளு. கள்ளுக்கடை வாசப்படி மிதிக்க மாட்டேன்னு கோயில்ல சாமியார் முன்னாடி நேந்துக்குவாக. மிதிக்கவும் மாட்டாக. கொல்லை வேலிக்கு அங்கிட்டு வண்டிய நிறுத்தி, மேல உக்காந்தபடியே கைய நீட்டுவாக. அப்பா மொந்தையத் தூக்கிக் குடுப்பாரு. நேத்திக்கடன் கெட்டுச்சா, இல்லை. வானத்துலேருந்து சம்மனசே எறங்கி வந்தாலும் வழக்காட முடியாது.

அதுல ஒருத்தரு சிலுவை போட்டுக்கிட்டுத்தான் குடிப்பாரு. மூஞ்சிய வேலி மறைச்சிரும், எனக்குக் கொரல் மட்டுந்தான். அப்ப பொடியனா இருந்தாலும், நான் கேட்ட கொரல விட மாட்டேன். பண்ணிக் காட்டுறேன், கேளுங்க: யப்பா பங்கிராசு... ஒரே ஒரு மொந்தை... சிலுவையில பாடுபட்ட ஆண்டவருக்கே புளிச்ச காடி குடுத்தானுவ... எனக்கு இதுகூட இல்லையாப்பா...

என்ன மாமா, சிரிப்பக் காணோம்?

இன்னிக்கிக் காலையில எங்க கூடத்துல அதே கொரல் கேட்டுச்சு. கள்ளு நாத்தமே எங்க பரம்பரைக்கு ஆகாதுன்னு பேசிக்கிட்டு இருந்துச்சு. எங்கப்பாவுக்குத் தெரியாம இருக்குமா, ஊத்துன கையில்ல. ஆனாலும் வாயத் தொறக்கலை பாத்தீங்களா. அவரு பெரிய மனுசன்.

நான் வார பாஸ்கா நாடகத்துல, அதான் ஆண்டவர் பாடுபட்ட கூத்துல, ஊராளுக கொரலப் பண்ணிக் காட்டுற கோமாளி வேசம் கட்டுறேன். ஒங்க ஊருக்கும் வாரோங்க மாமா.