தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம்

– மலைப்பாதைல பனின்னு போட்ட கட்டையை இன்னும் தூக்கலை. பேசாம வண்டியைத் திருப்பிடறேன், குன்வோர்.

– திருப்புவே. வழியில ஆல்டாவுல திருப்பறேன்னே, டானாவுல திருப்பறேன்னே. பெர்லெவோக் இந்த மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு, கிழவா. பெத்த பிள்ளையைப் பார்க்க இவ்வளவு பிகுவா?

– பிகு இல்லை, அசதி. இடுப்பு விட்டுப் போச்சு. கேரவன்ல ஹீட்டர் வேற அணைஞ்சு தொலைஞ்சிடுச்சு. ஆறின காபியைக் குடிச்சுக்கிட்டு காலைலேருந்து உட்கார்ந்திருக்கேன். மீன் லாரி ஓட்டுறவன், வீட்டுல இருக்கானோ இல்லையோ.

– ஸ்டைனர் இருப்பான்.

– இருந்தா மட்டும்? வாசல்ல போய் நின்னா என்ன சொல்லுவான்?

– நீ என்ன சொல்லி அனுப்புனியோ, அதையே சொல்லுவான்.

– உன் மீன்பிடிப் படகு வேண்டாம், லாரி ஓட்டப் போறேன்னான். கோவத்துல, என் மூஞ்சில முழிக்காதேன்னேன். அப்பன்காரன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பத்து வருஷமா அதையே பிடிச்சுக்கிட்டு இருப்பானா?

– உன் பிள்ளையாச்சே.

– சும்மா இரு.

– எனக்கும் அலுத்துப்போச்சு, தோர்லைஃப். உனக்குத் தெரியாம அவன்கிட்ட போன்ல பேசிப் பேசி அலுத்துப்போச்சு. நீ திருப்பினா நான் இறங்கி வேற வண்டில போயிடுவேன்.

– இந்தக் காத்துலயா?

– இந்தக் காத்துலதான்.

– கண்ணாடியைத் தட்டுறான் பாரு. யாரது, மூஞ்சி முழுக்கத் துணியைச் சுத்திக்கிட்டு?

– பனி தள்ளுற வண்டிக்காரன். ஒவ்வொரு வண்டியாப் பார்த்துட்டுத்தான் மலைமேல கூட்டிட்டுப் போவான். இறக்கு கண்ணாடியை.

– டீசல் இருக்கா, பெரியவரே?

– பாதி டேங்க் இருக்கு.

– கம்பளி, சாப்பாடு?

– இருக்குப்பா. ஆனா நாங்க வர்றதா வேண்டாமான்னே இன்னும் முடிவு பண்ணலை.

– நான் முன்னால போவேன். எனக்கு அடுத்து நீங்க. என் பின்விளக்கைப் பார்த்துக்கிட்டே வரணும். நடுவுல நிக்கக்கூடாது, திரும்பவும் முடியாது. வரலைன்னா இப்பவே ஓரம் கட்டிடுங்க.

– காத்துல பாதி காதுலயே விழலை. சரி, யோசிக்கிறோம்.

– உள்ளே ஏன் இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு? ஹீட்டர் அணைஞ்சுபோச்சா?

– நேத்துலேருந்து தகராறு.

– குமிழை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கீழ் மூலையில விரல் முட்டியால ஒரு தட்டுத் தட்டுங்க. பிடிச்சுக்கும்.

– போயிட்டான். மகா மேதாவி. எங்கே, தட்டித்தான் பார்ப்போமே... அட, எரியுது!

– எரியும்.

– குன்வோர், இந்த ஹீட்டரை நான் என் கையால கழட்டி மாட்டினேன். இந்தத் தட்டு எனக்கே மறந்துபோச்சு. இவனுக்கு எப்படித் தெரியும்?

– ஏழு வயசுல நீதான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தே. ஸ்டைனர் மீன் லாரியை விட்டுட்டுப் பனி வண்டிக்கு வந்து ரெண்டு குளிர்காலம் ஆச்சு.

– கிட்டத்துல நின்னானே. அந்தத் துணியை ஒரு நிமிஷம் எடுத்திருக்கலாமில்ல?

– மூஞ்சில முழிக்காதேன்னு சொன்னியே.

– இந்தக் காத்துல குரல்கூடப் பிடிபடலையே.

– கட்டையைத் தூக்கிட்டாங்க. பின்னால ஹாரன் அடிக்கிறான். என்ன பண்ணப்போறே?

– பெல்ட்டைப் போட்டுக்கோ. அவன் விளக்கு மறைஞ்சிடப்போகுது.