பதினோராவது கேள்வி

பேனா வேணும்னா வச்சுக்கங்கண்ணா. ஃபாரம் மட்டும் எழுதித் தரமாட்டேன், கோவிச்சுக்காதீங்க.

படிச்சிருக்கேங்க, பி.காம். எங்க வூட்ல காலேஜுக்குப் போன மொத ஆளு நாந்தான். ஊர்ல எந்த ஃபாரம் வந்தாலும் எங்கிட்டத்தான் வரும்.

இந்த ஃபாரஸ்ட் ஆபீசுக்கு இது ஆறாவது நடைங்க. காட்டுக்குள்ள எங்க முனியப்பன் கோயில் இருக்குது, அப்பாதான் பூசாரி. வர்ற வெள்ளிக்கெழம கோயில்ல பொங்கல். அனுமதி இல்லாம போகக்கூடாதுன்னு செக்போஸ்ட்ல கட்டையப் போட்டுட்டாங்க. இங்க வந்தா ரேஞ்சர் அறிக்கை வரலங்கறாங்க. அறிக்கை வந்துச்சுன்னா, தீயணைப்புல லெட்டர் வாங்கியாங்கறாங்க. அங்க போனா, காட்டுக்குள்ள அடுப்பு மூட்டறதுக்கு நான் எப்படிம்மா எழுதித் தர்றதுங்கறாரு.

போன வருசமா? கேக்கவே இல்லீங்க. போவோம், பொங்க வப்போம், தண்ணி ஊத்தி நெருப்ப அணைச்சுட்டு வருவோம். ஃபாரஸ்ட் கார்டுகூட எங்களோட எலையில உக்காந்து சாப்புடுவாரு.

அதாங்க, இந்த வருசம் மட்டும் என்ன வந்துச்சுன்னு ஊரே கேக்குது. யாரோ மொட்டக் கடுதாசி போட்டுட்டாங்களாம். அப்பா எங்க தீர்த்தகிரி மாமாவத்தான் சொல்றாரு. ரெண்டு பேத்துக்கும் வரப்புத் தகராறு. முனியப்பனுக்கு மொதப் பானை எப்பவும் மாமா வூட்டுதுதான். இந்த வருசம் அது கெடையாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. நேத்து மாமா எங்க வாசல்ல வந்து நின்னு, முனியப்பன் மேல சத்தியமா நான் எழுதல மச்சான்னாரு. அப்பா கதவச் சாத்திட்டாரு. நான் உள்ளதான் இருந்தேன்.

எதுல நிக்கறீங்க, பதினோராவது கேள்வியா? இதுக்கு முன்னாடி இதே எடத்துல நடத்துனீங்களா, அனுமதி நம்பர் என்னன்னு கேக்கும். நீங்க காட்டு ரோட்டுல எத்தன வருசமா எளநி விக்கறீங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்கண்ணா. அதுல என்ன எழுதறதுன்னும் எங்கிட்ட கேக்காதீங்க.

தை மாசம் எனக்கும் இதே ஃபாரந்தான். யாரும் கேக்கச் சொல்லல. எல்லாம் முறையா இருக்கட்டும்னு வூட்ல சொல்லாம நானே வந்து குடுத்தேன். அந்தக் கட்டத்துல, நாப்பது வருசமா அனுமதி இல்லாம நடத்தறோம்னு எழுதுனேன். உள்ளதத்தானே எழுதணும்? அந்த வரிக்கு அடியில செவப்பு மையில கோடு போட்டு வச்சிருக்காங்க. இன்னிக்கு உள்ள காட்டுனாங்க. வேற கடுதாசி எதுவும் ஃபைல்ல இல்ல.

கூப்புடறாங்க பாருங்க, போங்கண்ணா. பேனா இருக்கட்டும். நான் அடுத்த பஸ்ஸுக்கு மாமா வூட்டுக்குப் போகணும்.