நான்காவது கேட்

நவம்பர் மாதம், மாலை நாலரை மணி. எங்கள் வட இங்கிலாந்துப் பக்கம் அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரைத் தாண்டி ஹெக்ஸம் டவுனுக்கு இறங்கும் பண்ணைப் பாதை... ஈ காக்கை கிடையாது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எழுந்து போய்விடுவேன்.

என் கூட்டாளி நார்மனின் மைத்துனர் எட்வின் ஜீப்பை ஓட்டினார். பக்கத்தில் அவர் தம்பி கத்பர்ட். ஆஸ்பத்திரியில் அவர்களுடைய அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "ரெண்டு பேரையும் பாத்துட்டுத்தான் போவேன்" என்று பிடிவாதமாகக் கிடந்தாள். ஆற்றில் வெள்ளம், அதனால்தான் இந்தக் குறுக்கு வழி.

ஆடு மேய்கிற பாதையில் நமக்கு ஒரே சட்டம். பக்கத்து சீட்டுக்காரன் இறங்கிக் கேட்டைத் திறக்க வேண்டும், வண்டி கடந்ததும் மூட வேண்டும். அவன் ஏறிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால் போதும், ஓட்டுகிறவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிடுவான். நீங்களும் அப்படித்தானே?

அந்தப் பாதையில் மொத்தம் மூன்று கேட். மூன்றையும் கடந்தாயிற்று. சுவர் இடிந்து கிடக்கும் மேட்டில்... இன்னொன்று. ரோமானியச் சிப்பாய்கள் காவல் நின்ற பழைய வாசலின் இரண்டு மொட்டைக் கல் தூண்களுக்கு நடுவே, கனத்த மரக் கேட்.

"இத எப்படா போட்டானுங்க?" என்றார் எட்வின்.

"எவன் போட்டா என்ன? அங்க அம்மா காத்துக்கிட்டிருக்கு. நீ வண்டிய எடுண்ணே."

கத்பர்ட் இறங்கினான். கேட் முனகித் திறந்தது. ஜீப் தாண்டி நின்றது. பின்னால் மரம் மோதும் சத்தம். அப்புறம் ஆணி அடித்த செருப்பு கல்லில் உரசி வரும் சத்தம்... சரக், சரக்... கத்பர்ட் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ். எட்வினுக்கு அது அப்போது உறைக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. கிளம்பிவிட்டார்.

வண்டிக்குள் ஒரு வாடை. நனைந்த கம்பளி, பழைய தோல், விறகுப் புகை.

"ரொம்ப நனைஞ்சிட்டியாடா?"

இருட்டில் பாதையை விட்டு எட்வின் கண்ணெடுக்கவில்லை. அம்மாவை நினைத்து அழுகிறான் என்று விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் பக்கத்துக் கதவு திறந்து மூடியது. அதே நேரம் போன் அடித்தது. கத்பர்ட்.

"அண்ணே... என்னை விட்டுட்டுப் போயிட்டியே. கேட்ட மூடிட்டுப் பாத்தா வந்த பக்கமே நிக்கிறேன். திறக்க மாட்டேங்குது... நான் வந்துட்டே இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லு."

எட்வின் மாடிக்கு ஓடினார். காலையிலிருந்து கண் திறக்காத அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"சின்னவன் உனக்கு முன்னாடியே வந்துட்டான்."

கட்டிலை ஒட்டி, தரையெல்லாம் தண்ணீர்.

மறுநாள் ஊரே தேடியது. தம்பி கிடைத்தானா என்று கேட்காதீர்கள்... அந்தக் கேட்டே கிடைக்கவில்லை.

அம்மா பிழைத்துவிட்டாள். எட்வின் அவள் வீட்டுப் பக்கம் போவதே இல்லை. நான்தான் அங்கே தபால் கொடுக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அடுப்போரம் உட்கார்ந்து கையுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

"சின்னவனுக்குத்தான். பக்கத்துலயே இருக்கான், ஆனா என்ன போட்டாலும் கை சூடாக மாட்டேங்குது" என்றாள்.

முன்னே பின்னிய ஜோடி கதவோரம் ஆணியில் தொங்கியது. எங்கள் பக்கம் பத்து நாளாக மழை இல்லை... அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.