விழுப்புரத்தில் இறங்கிய எலும்புப் பை

— எலும்பா? நெசமான எலும்பா, துரை அண்ணே?

— மனுச எலும்புதான் கோகிலா. மெட்ராசுல டாக்டருக்குப் படிக்கிற உங்கண்ணன் வேற எதத் தூக்கிட்டுத் திரிவான்? தாம்பரத்துல எறங்க வேண்டியவன், ரயில்ல அசந்து தூங்கிட்டான். முழிச்சா விழுப்புரம். டிக்கெட்டு கேட்டவரு பையத் தொறந்தா, மண்டையோடு இளிக்குது!

— ஐயோ! அப்புறம்?

— அப்புறம் என்ன, போலீசுதான். "யாரடா கொன்ன?"ன்னு கேட்டா, உங்கண்ணன் நம்மூருப் பேச்சுல "இல்ல லா சார், நான் மலாக்கா லா"ன்னு அழுவுறான். அந்த ஊருப் போலீசுக்கு மலாக்கா எங்க தெரியும்? "என்னடா, பாட்டா பாடுற?"ன்னு முதுகுல ரெண்டு வெச்சாரு.

— பாவம் அண்ணன்! ஒரு லெட்டர்லகூட இத எழுதல பாருங்க.

— எழுதுவானா? தங்கச்சிகிட்ட மானம் போயிடுமே. போன தீவாளிக்கு ஒனக்குன்னு வாங்கின சேலைய பஸ்ஸுலயே விட்டுட்டு எறங்கிட்டான். மவுண்ட் ரோடு முழுக்க பஸ்ஸு பின்னாடியே ஓடினான்.

— கெடச்சுதா?

— என்னத்தச் சொல்ல. சேலையும் போச்சு, செருப்பும் போச்சு.

— மெட்ராசுல கூடவே இருந்தவரு நீங்கதான. இன்னும் சொல்லுங்க.

— தொண்ட காயுதும்மா. தம்பின் ஸ்டேஷன்ல ரயில விட்டு எறங்கி, பஸ்ஸு புடிச்சு, மெர்டேக்கா சுதந்திரக் கூட்டத்துல நசுங்கி, காஜா பெராங்ல இருக்கிற உங்க வீடு வரைக்கும் இந்தப் பெட்டியோட நடந்தே வந்தேன்.

— நாளைக்கு எனக்குக் கல்யாணம். அதுக்குன்னுதான அண்ணன் உங்ககூட கப்பலேறிச்சு? ஏன் வரல?

— அதான் சொன்னனே. கப்பல்ல காச்ச பரவிடுச்சு. கீழ்த்தட்டுல வந்த எங்க எல்லாரையும் பினாங்கு ஜெரஜாக் தீவு முகாம்ல போட்டுட்டாங்க. என்ன ஆறு நாள்ல விட்டாங்க. அவன இன்னும் பத்து நாள் இருக்கச் சொல்லிட்டாங்க.

— நல்லா சாப்பிடுதா?

— ம்... சாப்பிடுறான்.

— அண்ணன் பெட்டிய ஏன் நீங்க தூக்கிட்டு வந்தீங்க?

— கனமா இருக்குன்னு...

— மாத்துத் துணி இல்லாமயா பத்து நாள் இருக்கும்?

— அது... கொஞ்சம் தண்ணி குடும்மா.

— போதும்ண்ணே. செவ்வாக்கெழமையே கப்பல் கம்பெனி தந்தி வந்திடுச்சு. நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

— கோகிலா! தெரிஞ்சுகிட்டேவா இவ்வளோ நேரம் சிரிச்ச?

— அண்ணன் கதைய இனிமே யாருகிட்டக் கேப்பேன்? எங்க பொதச்சீங்க அண்ணன?

— கடல்லதான்மா. கப்பல்ல வெச்சிருக்க விடல. வெள்ளத் துணி சுத்தி நானும் ஒரு கை புடிச்சு எறக்கினேன். கடேசி வரைக்கும், "கல்யாணத்துக்கு நேரத்துக்குப் போயிடுவோமாடா"ன்னு அதையேதான் கேட்டுகிட்டிருந்தான்.

— அழாதீங்க. அப்பா காதுல விழுந்திடும். அவருகிட்ட தந்தி வந்ததையே சொல்லல. கப்பல் லேட்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— தீட்டோடவா தாலி கட்டிக்கப் போற? பெத்த அப்பனுக்குச் சொல்ல வேணாமா?

— அம்மா செத்தப்ப ஒரு தடவ இந்தக் கல்யாணம் நின்னுச்சு. மாப்பிள்ள வீட்டுல ஒரு சாவு, இன்னொரு தடவ நின்னுச்சு. இதுவும் நின்னா அப்பா தாங்க மாட்டாரு, நெஞ்சு வலிக்காரரு. மூணு நாளா அவரு பந்தல் போடுறவங்ககிட்ட கேலி பேசுறாரு, அக்கம்பக்கத்த எல்லாம் சிரிக்க வெக்கிறாரு. அம்மா போனப்புறம் நான் அவர இப்பிடிப் பாத்ததே இல்ல. எனக்கு நெஞ்சு வெடிக்குதுண்ணே. ஆனா ஒரே ஒரு நாள். தாலி ஏறினதும் நானே சொல்லிடுறேன். பாவம் என் தலையிலயே விடியட்டும்.

— என்னால முடியாதும்மா. அவரு மூஞ்சியப் பாத்தா ஒடஞ்சிடுவேன்.

— முடியணும். அண்ணனுக்காக. அப்பா! யாரு வந்திருக்கா பாருங்க!

— அட, கிளேபாங் ஊரு தொரையா! வாடா தம்பி. எங்கடா எம்மவன்?

— முகாம்ல பெரியப்பா. கொஞ்சம் காச்ச. பத்து நாள்ல விட்டுடுவாங்க.

— பாத்தியா கோகிலா? தங்கச்சி கல்யாணத்துக்கும் லேட்டு. கழுத, பொறந்ததே லேட்டாத்தான் பொறந்துச்சு.

— அப்பா, விழுப்புரத்துல அண்ணன போலீசு புடிச்ச கதையக் கேளுங்க. பை நெறைய எலும்பாம்!

— எலும்பா? ஹா ஹா! அந்தக் கழுதைக்கு நல்லா வேணும்! சரி சரி, சிரிச்சது போதும். பந்தல்காரங்களுக்குக் கோப்பி கலக்கிக் குடு. போம்மா.

— தோ, போறேன்பா. துரை அண்ணே, மிச்சத்தையும் அப்பாகிட்ட சொல்லுங்க.

— போயிட்டாளா தம்பி?

— போயிட்டா பெரியப்பா. அந்த... விழுப்புரத்துல என்னாச்சுன்னா...

— கத வேணாம்டா. மெதுவாப் பேசு. பத்து பெரெண்டாம் ஊர்க்காரன் சுப்பையன் அதே கப்பல்ல மேல் வகுப்புல வந்தவன், அவன முகாம்ல போடல. எம்புள்ளையக் கடல்ல விட்டதக் கண்ணால பாத்துட்டு, புதன்கெழமையே வந்து சொல்லிட்டான். கோகிலாவுக்கு ஒண்ணுமே தெரியாது. நாளைக்குத் தாலி ஏறுற வரைக்கும் நீ வாயத் தொறந்துடாத.