வேறெதற்கும் புழங்காத குண்டான்

— ஏ மலரு, இந்தப் பித்தளைக் குண்டான்ல என்னடி மருந்து வாடை? வெளிம்புல பஞ்சு வேற ஒட்டிக்கிட்டு கெடக்குது. மாதாவே!

— மாமா கால்புண்ணக் கழுவுனேங்கத்தே. தேச்சுத்தான் கவுத்து வெச்சேன், பஞ்சு கண்ணுல படலீங்க.

— சக்கரைப் புண்ணையா? இதுலயா? இது என்ன ஏனம்னு தெரியுமா உனக்கு?

— நீங்க கோயில் துணி அலசறதுங்க.

— கோயில் துணின்னா சும்மாவா? பூசையில ஆண்டவரோட ரத்தம் இருந்த கிண்ணத்தத் தொடைக்கிற துணி. ஞானமேரி கையில குடுத்தா கவலையில்லன்னு நாலு ஃபாதருங்க சொல்லியிருக்காங்க. முப்பது வருசமா இதுல வேறொண்ணு நனைஞ்சதில்ல. உம் புருசனப் பெத்தப்பக்கூட குளிக்க ஊத்த இதத் தரல. பீடத்துக்கிட்ட செருப்புக்கால் வெச்சதில்ல. கட்டிக்கிட்டு வந்து ஆறு மாசம், எங்க வேதம் உனக்கு எங்க தெரியப்போவுது... எத்தன நாளா நடக்குது இது?

— கார்த்திகையில இருந்துங்க. தெனமும், நீங்க காலைல பூசைக்குப் போனப்பறம்.

— மூணு மாசமா! அப்ப கிறிஸ்மஸுக்கு அலசுன துணி? போச்சு, எல்லாம் போச்சு. நாளைக்கு ஊர்த் திருநாளு. நான் இதுக்கு லாயக்கில்ல சாமி, வேற ஆளப் பாத்துக்குங்கன்னு ஃபாதர்கிட்டச் சொல்லிட்டு வந்துடறேன்.

— அழுவாதீங்கத்தே. பென்னாகரத்துல இருந்து வர்ற நர்சம்மாதான், வேற எதுக்கும் பொழங்காத ஏனமாப் பாத்துக் கழுவச் சொன்னாங்க. நம்ம வூட்ல அப்படி இருக்கறது இது ஒண்ணுதானுங்களே.

— என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?

— மாமா பேச்செடுத்தாலே நீங்க எந்திரிச்சுப் போயிடறீங்க.

— என்னடி சொன்ன?

— தப்பாச் சொல்லலீங்க.

— தப்பில்ல, நெசந்தான். அந்த வாடை எனக்கு ஆவல புள்ள. கட்டுன மனுசன மாட்டுக்கொட்டாயில படுக்கப் போட்டுட்டு, நான் கோயில்ல போயி முட்டி போடறேன்... சரி, கழுவுன தண்ணிய எங்க ஊத்துன? சாக்கடையிலயா?

— இல்லீங்க. நந்தியாவட்டைச் செடிக்கடியில.

— அடிப்பாவி! அது கோயில் துணி அலசுன தண்ணிய நான் ஊத்தற எடம்!

— தெரியுங்க. ஆண்டவரோட ரத்தம் பட்ட தண்ணி, யாரு காலும் மிதிக்கக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. மாமா புண்ணுலயும் ரத்தம் வருதுங்கத்தே. அத மட்டும் மிதிக்க வுடலாமுங்களா?

— மாதாவே...

— தப்புங்களா?

— அந்தச் செடிப் பூவத்தானடி தெனமும் பீடத்துல கொண்டுபோயி வெக்கறேன். ஆண்டவரு ஒரு வார்த்தை சொல்லாம வாங்கி வெச்சுக்கிட்டிருக்காரே! இன்னிக்கு அவருக்குக் கழுவியாச்சா?

— இல்லீங்க. நீங்க கெளம்பட்டும்னு தண்ணி காய வெச்சிருக்கறேன்.

— அதக் கொண்டா. குண்டானையும் இப்படிக் குடு. இன்னிக்கு நான் கழுவறேன்.

— கோயில்ல மணியடிச்சிட்டாங்கத்தே.

— அடிக்கட்டும்.

— ஐயோ, செருப்ப எதுக்குங்க கழட்டறீங்க? கொட்டாயெல்லாம் சாணியாக் கெடக்குதுங்க, போட்டுக்குங்க.

— வேண்டாம் மலரு. பீடத்துக்கிட்டப் போறப்ப நான் என்னிக்கு செருப்புப் போட்டேன்?