ஆயில் சேர்க்காத பெட்ரோல்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என் கூட்டுக்காரன் ஜினோ இங்கே இருந்தால் இதைச் சொல்லவே விடமாட்டான்... நடந்தது அவன் தாய்மாமா செல்வதாஸுக்கு.

விடியற்காலை நாலரை மணி. குலசேகரத்திலிருந்து திற்பரப்பு போகிற வழியில் ஒரு கிளைச்சாலை. இரண்டு பக்கமும் ரப்பர். ஆள் இல்லை... நாய்கூட இல்லை. பைக்கின் பின்னால் மரம் அறுக்கிற மிஷின்வாளைக் கட்டிக்கொண்டு செல்வதாஸ் போகிறார்.

அவர் போகிற ரப்பர் தோட்டத்தில் முந்நூறு மரம் முறிக்க வேண்டும். வழக்கமாக அது ஊரில் இன்னொரு மிஷின்வாள்காரன் ஜான்ரோஸுக்குப் போகிற வேலை. இவரிடமும் அதே மிஷின்தான், அதே அனுபவம்தான். ஆனாலும் எல்லாரும் முதலில் கூப்பிடுவது ஜான்ரோஸை. பதினோரு வருடம் வயிறெரிந்தார் செல்வதாஸ். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் அப்படி ஒருத்தன் இருப்பான். அதற்கு முந்தின வாரம்தான் ஜான்ரோஸ் காய்ச்சலில் செத்துப்போனான். அடக்கத்துக்குப் போன இடத்தில்கூட இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

போன் வந்தது. வேறு யாரும் புகுந்துவிடக்கூடாதே என்றுதான் இருட்டோடு வந்துவிட்டார்.

தோட்டத்து ஷெட் வாசலில் உட்கார்ந்து கேனில் பெட்ரோல் ஊற்றினார். இந்த மிஷினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் விட வேண்டும். வெறும் பெட்ரோல் விட்டால் பிஸ்டன் காய்ந்து இறுகிவிடும்... மிஷின் காலி. ஆயில் பாட்டிலைத் திறக்கப் போகிறார்... தோட்டத்துக்குள்ளே எங்கோ 'ர்ர்ர்ர்' என்று ஒரு வாள் ஓடுகிறது.

அந்தச் சத்தம் இவருக்குத் தெரியும். ஜான்ரோஸின் மிஷின்.

வேறு ஆளாக இருந்தால் ஓடியிருப்பான். இவருக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்தும் வேலையை விடமாட்டானா? கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வரிசையாக மரங்கள் விழுந்து கிடந்தன. மரத்தூளில் இன்னும் சூடு. கருகின ஆயில் வாசம். ஆள் மட்டும் இல்லை.

"ஏலே, இது எனக்க வேலையாக்கும்!"

சத்தம் நின்றது. மரத்துக்குப் பின்னாலிருந்து மெதுவாக...

"பெட்ரோல் தீந்துட்டு மக்கா. கொஞ்சம் தா... ஆயில் சேத்தியா?"

கேனில் இருந்தது வெறும் பெட்ரோல். செல்வதாஸ் ஒரு நொடிதான் யோசித்தார்.

"சேத்தாச்சு."

கேனைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார். மூடி திருகும் சத்தம்... களக், களக்... கயிற்றை இழுக்கும் சத்தம். வாள் கிளம்பியது. சத்தம் ஏறி ஏறிப் போய்... 'கிரீச்'. நின்றுவிட்டது. அந்த இருட்டில் தனியாக நின்று சிரித்தாராம் மனுஷன்.

ஏழு மணிக்குத் தோட்டத்து முதலாளி வந்தார். விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"ஓய், ஜான்ரோஸ் எல்லாம் உமக்க கிட்ட நிக்க முடியாது!"

ஊரெல்லாம் அதையே சொன்னார். இப்போது எல்லாரும் முதலில் கூப்பிடுவது செல்வதாஸைத்தான். போன் ஓயாமல் அடிக்கிறது. எடுக்கிறார், முடியாது என்கிறார், வைத்துவிடுகிறார். அன்று காலையிலிருந்து வலது முழங்கை மடங்கவே இல்லை. மிஷினைக் கிளப்பக் கயிறு இழுக்க முடியாது. மூன்று ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பில் ஒரு குறையும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஜினோ அந்த முழங்கையைத் தொட்டுப் பார்த்தானாம்... இப்போதுதான் ஓடி நின்ற மிஷின் மாதிரி, கை வைக்க முடியாத சூடு.